அடங்கலில் சாகுபடி செய்பவளின் பெயரும் எழுதப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டைப் பெண் விவசாயிகளுக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது என்ற செய்தியைப் படித்ததிலிருந்து இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நெல் அறுவடையும் அதன் பின்னால் உளுந்து பிடுங்குவதும் முடிந்து, கோடை உழவுக்கு முன் கிடைத்திருக்கும் சில நாள் இடைவெளியில் இப்போது எழுதுகிறேன். திருவாரூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில், மூன்றரை ஏக்கர் நன்செயில், முப்பத்தேழு ஆண்டுகளாக நான் சாகுபடி செய்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் அரசின் எந்தத் தாளிலும் நான் விவசாயி என்று எழுதப்பட்டதில்லை. வங்கியில் சேமிப்புக் கணக்குத் தொடங்கப் போனபோது, தொழில் என்ற இடத்தில், என்னிடம் கேட்காமலேயே இல்லத்தரசி என்று எழுதிக்கொண்டார்கள். அன்று காலை நடவுக்கு ஆள் விட்டுவிட்டு, கையில் சேற்றின் கறை போகாமல்தான் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

வயல்வாரியான பயிர்க் கணக்காகிய அடங்கலில் சாகுபடி செய்யும் பெண்ணின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கோரிக்கையை எழுதினால், அது வெறும் மனக்குறையாகவே படிக்கப்படும். ஆகையால் விதையிலிருந்து தொடங்குகிறேன். ஆடிக் கடைசியில், மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கிளை வாய்க்காலை எட்டிவிட்டதா என்று பார்த்த பிறகு, பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு கோழி முட்டையைப் போட்டு, முட்டை மேலே மிதந்து ஐம்பது காசு அகலத்துக்கு அதன் ஓடு வெளியே தெரியும்வரை கல்லுப்பைக் கரைப்பேன். அந்தக் கரைசலில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதந்துவிடும். அடியில் தங்கியதை மட்டும் எடுத்து, உப்புப் போக இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி, ஊறவைத்து, நனைத்த சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி வைப்பேன். மறுநாள் சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டால், காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டாற்போன்ற சூடு இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடு ஏறினால் விதை அவிந்துபோகும். உடனே தண்ணீர் தெளித்துப் புரட்டிவிட வேண்டும். இரவு ஒரு மணிக்கும் எழுந்து பார்க்க வேண்டிய வேலை இது. ஒரு வருடம் என் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் நான் அவள் பக்கத்திலேயே இருந்துவிட்டதால் இரண்டு சாக்கு விதை அவிந்துபோனது. நாற்றங்கால் பன்னிரண்டு நாள் பின்தங்கியது. அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் அது என் தவறாகவே பேசப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை, ஏனென்றால் அது என் பொறுப்பில் இருந்த வேலைதான். ஆனால் முளை ஒன்றுபோல் வந்து, நாற்று நன்றாக அமைந்து, கண்டுமுதல் கூடிய எல்லா ஆண்டுகளிலும் அது என் கணவரின் வெள்ளாமை என்றே ஊரில் பேசப்பட்டது.

எந்த வயலுக்கு எந்த ரகம் என்பதையும் பெரும்பாலும் நான்தான் தீர்மானித்தேன். எங்கள் நிலத்தில் ஒரு பகுதி பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் பயிர் மூழ்கிப் பல நாள் கிடக்கும். வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகத்தைப் பற்றி வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வந்து, பள்ளத்துக்கு அதுதான் என்று நின்றவள் நான். மழைக்காலத்தில் வடிகால் அடைத்துக்கொண்டால் இரவில் டார்ச்சும் மண்வெட்டியுமாகப் போய் வரப்பை வெட்டிவிட்டு வருவதும், ஆறேழு நாள் சேற்றில் நின்று விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் மருதாணியை அரைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் மீண்டும் களையெடுக்க இறங்குவதும் எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். அதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. நான் சொல்ல விரும்புவது உடல் உழைப்பைப் பற்றி மட்டும் அன்று. சம்பா அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளிக்க வேண்டும். அப்போது மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும், ஆனால் அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. இரண்டு நாள் முந்தினால் விதை அழுகும். இரண்டு நாள் பிந்தினால் முளைக்காது. ஈரம் காயும் முன் அறுவடை இயந்திரத்தை இறக்கினால் முளைத்த உளுந்து சக்கரத்தடியில் சேற்றோடு போகும். எந்த நாள் தெளிப்பது, எந்த நாள் இயந்திரத்தைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு தை மாதமும் வரப்பில் நடந்து மண்ணை மிதித்துப் பார்த்து முடிவு எடுக்கிறவளை, கணவனுக்கு வயலில் ஒத்தாசையாக இருக்கிறவள் என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அந்த ஒத்தாசை என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் இலட்சக்கணக்கான பெண்கள் விவசாயிகள் கணக்கில் வராமல் போகிறார்கள்.

வீட்டு வேலை இதற்கு மேல் தனியாக இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒருத்தி நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள் என்றும், அப்படி ஈடுபடும் ஆண் 97 நிமிடம் செலவிடுகிறார் என்றும் வந்திருக்கிறது. இரண்டு கறவை மாடுகளுக்கும் ஒரு முதியவருக்கும் செய்ய வேண்டியதைச் சேர்த்தால் என் கணக்கு இன்னும் கூடும். ஆனால் இந்தக் கடிதத்தில் நான் பேச வந்தது நிலத்தைப் பற்றி.

எனக்குத் திருமணம் நடந்தது 1989ஆம் ஆண்டு தை மாதம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் மணமாகிப் போன மகள்களுக்கு அது பொருந்தாது. இரண்டு மாத இடைவெளியில் அந்த உரிமை எனக்கு இல்லாமல் போயிற்று. பிறகு 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் திருத்தம் வந்து, மணமான மகள், மணமாகாத மகள் என்ற வேறுபாடு நீங்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தம் தொடாது. என் அப்பா உயிரோடு இருக்கும்போதே, 2001இல், என் அண்ணனுக்கும் தம்பிக்கும் பாகப்பத்திரம் பதிவாகிவிட்டிருந்தது. அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. இன்றுவரை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் கொண்டு வருகிறார்கள். இருந்தாலும், பிறந்த வீட்டு நிலத்தில் எந்தச் சட்டத்தாலும் என் பெயர் ஏறவில்லை என்பது உண்மை.

புகுந்த வீட்டில் இரண்டரை ஏக்கர் என் மாமனார் பெயரில் இருந்தது. அவர் 2009இல் காலமானார். மூத்தார் குடும்பமும் கொழுந்தன் குடும்பமும் வெளியூரில் இருப்பதால் பாகம் பிரிக்கவில்லை, பட்டாவும் மாறவில்லை. மீதி ஒரு ஏக்கர், எங்கள் வழக்கில் மூன்று மா, நாங்கள் 1999இல் விலைக்கு வாங்கியது. அதற்கு என்னுடைய ஏழு சவரன் நகை போயிற்று. பால் ஊற்றிச் சேர்த்த பணமும் போயிற்று. பத்திரம் எழுதும் அன்று பதிவு அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். யார் பெயரில் எழுதுவது என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று தோன்றவில்லை. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவன் சொத்துச் சேர்ப்பதற்குத் துணை நின்ற பங்களிப்பே, ஆகவே அப்படி வாங்கிய சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று சொல்லப்பட்டதைப் படித்தபோது, எனக்கு அந்த மூன்று மா நிலத்தின் நினைவுதான் வந்தது. பத்து இலட்சம் ரூபாய் மதிப்புவரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைப்பு என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியிருப்பது நல்ல செயல். அன்று அப்படி ஒரு சலுகை இருந்திருந்தால், பத்திர எழுத்தராவது எங்களைக் கேட்டிருப்பார்.

பெயர் இல்லாததால் என்ன குறைந்துவிட்டது, கணவனும் மனைவியும் ஒரே குடும்பம்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். 2022இல் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. அந்தச் சம்பாவை முழுக்க நானும் மருமகளும் எடுத்தோம். நூற்றைம்பது சிப்பம் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று சொன்னதால் நான்கு நாள் களத்தில் காயவைத்து, இரவில் பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, நெல்லோடு நெல்லாகப் படுத்திருந்து விற்றேன். பதிவு அவர் பெயரில், பணம் அவர் கணக்கில். பணம் வந்துவிட்டது, ஆனால் அதை எடுக்க அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. அவர் நேரில் வந்து பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு சிறிய சரக்கு வண்டியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அவரை அதில் உட்காரவைத்து, நாற்காலி சாயாமல் என் மகன் ஒருபுறமும் நான் ஒருபுறமும் பிடித்துக்கொண்டு போனோம். வங்கி வாசலில் எட்டுப் படிகள் இருந்தன. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய், அவருடைய இடது பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தபோது அவர் அழுதார். பேச முடியாதவர் எதற்காக அழுகிறார் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்த நெல்லை விளைவித்தது யார் என்று அந்த இடத்தில் அவருக்கும் எனக்கும் தெரியும். அங்கே இருந்தவர்கள் விதியைப் பின்பற்றினார்கள், மரியாதையாகவும் நடந்துகொண்டார்கள்; ஆகவே இதை ஓர் அலுவலரின் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. விதியில் நான் இல்லை என்பதுதான் என் குறை.

அவர் 2024 புரட்டாசியில் காலமானார். கணவன் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியும் பிள்ளைகளும், தாயார் இருந்தால் அவரும் முதல் வகை வாரிசுகள். சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது பட்டாவுக்கு வர எத்தனை நடை நடக்க வேண்டும் என்பதை விதவைகளே அறிவார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மாமனாரின் இறப்புச் சான்று, அவருடைய வாரிசுச் சான்று, வெளியூரில் இருக்கும் பங்காளிகளின் சம்மதம், நில அளவையருக்காகக் காத்திருப்பது என்று நீளுகிறது. அந்த இடைக்காலத்தில் பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகையாக ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக அவருக்கு வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிய ஊரில் முகாம் நடந்தபோது, பட்டாவில் பெயர் இல்லாததால் எனக்குப் பதிய முடியவில்லை. அந்த முகாமுக்கு வந்திருந்தவர்களில் நாற்பது பேரையாவது நான் முகம் பார்த்து அறிவேன். அவர்களில் பலர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு எண் கிடைத்தது. அது தவறு என்று சொல்லவில்லை, நில உடைமையாளர் என்ற முறையில் அவர்களுக்கு அது உரியதே. பயிர் செய்கிறவளுக்குக் கொடுக்க ஒரு வழியும் வைக்கவில்லையே என்பதுதான் என் கேள்வி.

திட்டங்களின் நோக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் நேராக வருகிறது. யாரிடமும் கேட்காமல் எடுத்துச் செலவிடுகிற பணம் அது என்பதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் குடும்பத் தலைவி என்ற பெயரில் பெறுகிறேன். விவசாயி என்ற பெயரில் பெற வேண்டியவை வேறு. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், இடுபொருள் மானியம் எல்லாவற்றுக்கும், நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மற்றவர்களுக்கு 40 விழுக்காடு மானியம் என்றால், பெண் விவசாயிகளுக்கு, சிறு, குறு விவசாயிகளைப் போலவே, 50 விழுக்காடு என்று வைத்திருக்கிறார்கள். பெண்களை நினைத்து எழுதப்பட்ட அந்தச் சலுகையும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்த்தே கிடைக்கிறது. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் உள்ள சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்களுடையவை நூற்றுக்குப் பதினான்குக்கும் குறைவு. எங்கள் ஊரில் நாற்றங்காலிலிருந்து களம்வரை வயலில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்தால் கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கும்.

இந்தச் சிக்கலை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் காவிரிக்கரையில், கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் அவர்கள், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, பெண் விவசாயிகளின் உரிமைகளுக்காக ஒரு தனிநபர் மசோதாவை 2012இல் அவையில் வைத்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும், பயிர்த்தொழிலில் ஈடுபடும் பெண்ணுக்கு ஊராட்சி வழியாக விவசாயி என்ற சான்று வழங்க வேண்டும் என்பது அதன் முக்கியமான கூறு. அவருடைய பதவிக்காலத்தோடு 2013இல் அந்த மசோதா காலாவதியாயிற்று. அவர் மறைந்தபோது நாடே அவரைப் பசுமைப் புரட்சிக்காக நினைவுகூர்ந்தது. இந்த மசோதாவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அதற்கும் முன்பே, எங்கள் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பின் மூலம், நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது, அதைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார். பெண் பெயரில் நிலம் இருந்தால் அது சாராயக் கடைக்கும் அடகுக்கும் எளிதில் போகாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கூலி வேலை செய்த பெண்களுக்கு அவர் செய்துகாட்டியதைப் பட்டாதாரர் வீட்டுப் பெண்களுக்கு அரசாங்கத்தால் செய்ய முடியாதா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. என் மாமனார் இறந்த பின்னும் பட்டா அவர் பெயரிலேயே இருந்த ஆண்டுகளில், என் கணவர்தான் அந்த நிலத்தைச் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் சான்று கொடுத்தார். அதை வைத்துத்தான் நெல் விற்றோம், காப்பீடு செய்தோம். பட்டாவில் பெயர் இல்லாத மகனுக்குச் சாகுபடிச் சான்று தர வழி இருக்கும்போது, அதே வயலில் அதே வேலையைச் செய்யும் மருமகளுக்கு ஏன் தரக் கூடாது? அடங்கல் என்பது ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஒவ்வொரு வருவாய் ஆண்டிலும், எந்த வயலில் என்ன பயிர் என்பதைப் பதியும் கணக்கு. அதில் சாகுபடி செய்பவர் என்று கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்து எழுத அரசு ஓர் ஆணை இட்டால் போதும். அந்தச் சான்றை வைத்துக் கொள்முதல் நிலையத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் காப்பீட்டிலும் இருவரில் எவர் போனாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில், கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறது. இறந்தவர் பெயரில் கிடக்கும் பட்டாக்களை வருவாய்க் கிராமம் வாரியாக எடுத்து, அந்த நாள்களிலேயே வாரிசுகள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் எங்களைப் போன்றவர்களின் அலைச்சல் பாதி குறையும்.

மனைவி பெயரை எழுதினால் நாளை அவள் பங்கு கேட்பாள் என்ற அச்சம் ஊரில் இருக்கிறது. என் சொந்தக்காரர் ஒருவர் இதை என்னிடமே சொன்னார். குத்தகைதாரர் பெயர் கணக்கில் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று பல தலைமுறையாக எங்கள் பகுதியில் உள்ள பயத்தின் நீட்சிதான் இது என்று நினைக்கிறேன். சாகுபடிச் சான்று நில உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி அச்சிட்டுவிடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. என் கணவரின் பங்கில் எனக்கு வர வேண்டியதை வாரிசுரிமைச் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. அதை நான் அடங்கலைக் காட்டிக் கேட்கப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் களத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். தலையிலும் கழுத்திலும் பதர் ஒட்டியிருந்தது. கையில் முறம் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் என் கணவரிடம், அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று இவர் சொன்னார். இவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதே அன்று மரியாதை என்று எல்லாரும் நினைத்தோம். நானும் முறத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பேசாமல் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குடும்ப நிலத்தில் கூலியில்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று கணக்கெடுப்பின் விளக்கத்திலேயே இருக்கிறது என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அன்று என் வீட்டுத் திண்ணையில் விவசாயிகள் கணக்கில் ஒருவர் குறைந்தார். அதேபோல் எத்தனை திண்ணைகளில் குறைந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்பில் ஆள்கணக்கு 2027 பிப்ரவரியில் வருகிறது. அதுவும் எங்களுக்கு அறுப்பும் உளுந்துமாக இருக்கும் நேரம். கணக்கெடுப்புக்குச் செல்லும் ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கும்போதே, வீட்டுப் பெண் என்ன செய்கிறாள் என்பதை ஆணிடம் கேட்காமல் அவளிடமே கேட்க வேண்டும் என்றும், கடந்த ஓராண்டில் நாற்று விட்டது யார், களையெடுத்தது யார், நெல்லைக் காயவைத்தது யார், மாட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிறகு எழுத வேண்டும் என்றும் மாவட்ட நிர்வாகம் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழும் அந்த மாதங்களில் இதை வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னால், பத்துப் பேர் வீட்டிலாவது பதில் மாறும். எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் நான் இதை இப்போதே பேசத் தொடங்கிவிட்டேன். முதல் கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், கணவர் வெளிநாட்டில் இருக்க, இரண்டு ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் எழுந்து, அப்படியானால் என் பெயருக்கு நேராக என்ன எழுதச் சொல்ல வேண்டும், அக்கா, என்று கேட்டாள். சாகுபடி என்று எழுதச் சொல், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு அனுப்பு என்று சொன்னேன். என் மருமகள் அதைக் குழுவின் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருவாரூர் மாவட்டம்.